பட்ஜி கைக்கு வரணுமா? முதலில் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

நம் ஆட்கள் 'லவ் பேர்ட்ஸ்' என்று சொல்வது பெரும்பாலும் பட்ஜியைத்தான். ஆஸ்திரேலியக் குட்டிக் கிளி, எடை 30, 40 கிராம். அசல் லவ் பேர்ட் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வேறு பறவை.

கடையில் நெற்றியைப் பாருங்கள். பச்சை, நீலப் பட்ஜிகளில் கறுப்புக் கோடுகள் மூக்குவரை இறங்கியிருந்தால் குஞ்சு. 3, 4 மாதத்தில் முதல் இறகு உதிரும்போது அவை மறைந்துவிடும். குஞ்சுதான் சீக்கிரம் பழகும்.

கூண்டு ஹாலில், சுவரோரம், கண் மட்டத்தில் இருக்கட்டும். சமையலறை வேண்டவே வேண்டாம். நான்ஸ்டிக் சட்டி அதிகமாகக் காய்ந்தால் வரும் புகை பறவையைக் கொன்றுவிடும்.

முதல் மூன்று நாள் தண்ணீர், தீனி வைப்பதோடு சரி. நான் முதல் நாளே மேலிருந்து கையை விட்டுப் பிடித்தேன். பருந்தும் அப்படித்தானே பிடிக்கும்? இரண்டு வாரம் என் நிழல் பட்டாலே முறுக்கு (அதுதான் பெயர்) கம்பியில் ஒட்டிக்கொண்டது.

அப்புறம் தினைக்கதிர். கம்பிக்கு வெளியிலிருந்து நீட்டுங்கள், சில நாள் கழித்து கூண்டுக்குள். தினம் இரண்டு வேளை, பத்து நிமிடம் போதும். கூண்டிலேயே கதிரைத் தொங்கவிட்டால் உங்கள் கைக்கு ஏன் வரப்போகிறது? பறவையையும் கவனியுங்கள்: இறகு உடம்போடு ஒட்டி ஒல்லியாக நின்றால் பயம், கையை மெல்ல எடுத்துவிடுங்கள். லேசாக உப்பிக்கொண்டு அலகை நறநறவென்று அரைத்தால் நிம்மதி.

கையிலிருந்து தயங்காமல் தின்னும்போது, ஆள்காட்டி விரலைக் காலுக்குச் சற்று மேலே அடிவயிற்றில் மெதுவாக வைத்து 'ஏறு' என்று சொல்லுங்கள். அலகால் விரலைப் பிடித்துப் பார்க்கும். கிளை உறுதியா என்று சோதிக்கிறது, அவ்வளவுதான். கையை வெடுக்கென்று இழுத்தால், கடித்தால் கை விலகிவிடும் என்று கற்றுக்கொள்ளும்.

வெளியே விடுமுன் ஜன்னலைச் சாத்துங்கள், ஃபேனை நிறுத்துங்கள். வீவக (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி) வீட்டில் புழுக்கம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். பறந்துபோய் எங்காவது உட்கார்ந்தால் துரத்தாதீர்கள். முறுக்கு முதல் தடவை திரைக்கம்பியில் ஏறி ஒரு மணி நேரம் இறங்கவில்லை. நான் கதிரைத் தூக்கிப் பிடித்து நின்றதில் தோள் கடுத்ததுதான் மிச்சம். 'சீட்டு எடுக்குமா?' என்று என் அத்தை வேறு கிளி ஜோசியத்தை இழுத்தார். சலித்துப்போய் நான் சோபாவில் உட்கார்ந்த பிறகுதான் அது இறங்கி வந்தது, நேராக என் முழங்காலுக்கு.