கேக் வாக் விளையாட்டுக்கு எந்த கேக் தாங்கும்?

பள்ளி கார்னிவலில் நிதி திரட்ட கேக் வாக் நல்ல விளையாட்டு. தரையில் 1 முதல் 20 வரை எண் போட்ட வட்டங்கள். டோக்கன் வாங்கிய பிள்ளைகள் பாட்டு ஓடும்வரை அவற்றின் மேல் சுற்றி நடப்பார்கள். பாட்டு நின்றதும் டப்பாவிலிருந்து ஒரு சீட்டு எடுப்போம். அந்த எண்ணில் நிற்பவருக்கு ஒரு முழு கேக். ஆகவே துண்டு போட்டு விற்கும் கேக்கும் இதற்கான கேக்கும் வேறு. இது மேசையில் மூன்று மணி நேரம் இருந்து, பிறகு ஒரு சிறுபிள்ளையின் கையில் பஸ் ஏறி, நம் ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம், தங்கச்சிமடம் போன்ற ஊர்களுக்குப் போய்ச் சேர வேண்டும்.

முதலில் கணக்கு. டோக்கன் 10 ரூபாய் என்றால் 20 பேருக்கு ஒரு சுற்றில் 200 ரூபாய். கேக்கின் பொருட்செலவு 90 ரூபாய்க்குள் நின்றால் 110 மிஞ்சும். 12 பேரோடு சுற்றை ஆரம்பித்தால் மிஞ்சுவது வெறும் 30. அதனால் 15 பேர் சேராமல் பாட்டைப் போடாதீர்கள். ஒரு சுற்றுக்கு 4 நிமிடம் என்று வைத்தால் இரண்டு மணி நேரத்தில் 30 சுற்று போகும். 30 கேக்கோடு, உடைந்தால் மாற்ற மூன்று கூடுதலாக வேண்டும். 30 கேக்கை ஒரே வீட்டில் செய்ய முடியாது. வீட்டுக்கு இரண்டு என்று பிரித்துக்கொடுத்து, அச்சின் அளவை மட்டும் எல்லோருக்கும் 6 அல்லது 7 அங்குலம் என்று முடிவு செய்யுங்கள். சிறிய கேக் ஜெயித்த பிள்ளையின் முகம் வாடிப்போவதைப் பார்க்க யாருக்கும் மனம் வராது.

கிரீம் கேக் வேண்டவே வேண்டாம். கிரீமில் உள்ள வெண்ணெய் 32 டிகிரியிலேயே உருகத் தொடங்கிவிடும். நம் பகல் வெயில் அதைத் தாண்டும். ஐசிங் சர்க்கரையைத் தூவினால் கடல் காற்றின் ஈரத்தை இழுத்து அரை மணியில் பிசுபிசுக்கும். துருவிய பச்சைத் தேங்காய் சேர்த்தால் மறுநாளே ஊசிப்போகும், உலர்ந்த தேங்காய்ப்பூ போடுங்கள். தாங்குபவை: டீ கேக், மார்பிள் கேக், ரவை கேக், பேரீச்சை கேக், கருப்பட்டி வாழைப்பழ கேக். கடைசியில் சொன்னதற்குத்தான் எங்கள் ஓட்டு. முட்டை இல்லை, எண்ணெயில் செய்வதால் மறுநாளும் மெத்தென்று இருக்கும், கருப்பட்டியும் நம் மாவட்டத்துச் சரக்கு.

7 அங்குல அச்சுக்கு: மைதா 200 கிராம், கருப்பட்டி 150 கிராம், தண்ணீர் 60 மில்லி, நன்கு கனிந்த வாழைப்பழம் தோலுரித்து 200 கிராம், எண்ணெய் 75 மில்லி, தயிர் 2 மேசைக்கரண்டி, சமையல் சோடா முக்கால் டீஸ்பூன், பேக்கிங் பவுடர் அரை டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. கருப்பட்டியைத் தண்ணீரில் சூடாக்கிக் கரைத்து வடிகட்டுங்கள், மண் இருக்கும். பாகு முழுதாக ஆறிய பிறகே மாவில் ஊற்ற வேண்டும். சூடாக ஊற்றினால் சோடா அங்கேயே பொங்கித் தீர்ந்து, கேக் அடியில் களியாகிவிடும். தயிரை விட்டுவிடாதீர்கள், புளிப்பு போதாவிட்டால் சோடா மிஞ்சி சோப்பு வாடை அடிக்கும். மாவு சேர்ந்ததும் கிளறுவதை நிறுத்துங்கள். 170 டிகிரியில் 40 முதல் 45 நிமிடம். குக்கரில் என்றால் கேஸ்கட், வெயிட் இரண்டையும் எடுத்துவிட்டு, அடியில் உப்பு பரப்பி 10 நிமிடம் சூடேற்றி, சிறு தீயில் 50 நிமிடம். மின் ஓவனை நம்புகிறவர்கள் மாதாந்திர மின்தடை நாளை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, எல்லா வீட்டுப் பிள்ளையும் சாப்பிடும்படி இருக்க வேண்டும். பாதியாவது முட்டையில்லாமல் செய்து பச்சைப் புள்ளி ஒட்டுங்கள். பிளம் கேக் செய்தால் பழத்தை ரம்மில் அல்ல, ஆரஞ்சுச் சாறில் ஊறவையுங்கள். ஜெலட்டின் விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது, அது எதிலும் வேண்டாம். முந்திரி, நிலக்கடலை, பால் சேர்த்திருந்தால் பெட்டிமேல் எழுதுவது கட்டாயம், ஒவ்வாமை உள்ள பிள்ளை இருக்கும். ரமலானில் கார்னிவல் வந்தால் நோன்பு திறக்கும்வரை கெடாத கேக்தான் சரி.

முந்தைய நாள் மாலை சுட்டு, கம்பி வலையில் இரண்டு மணி நேரமாவது ஆறவிட்ட பிறகே பெட்டியில் மூடுங்கள். வெதுவெதுப்பாக மூடினால் உள்ளே வியர்த்து, மேல்தோல் நைந்து, பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். பந்தலில் மேசைக்கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் தட்டி கட்டுங்கள். மணல் விழுந்த கேக்கைக் கொடுக்க முடியாது.

கேக் தீர்ந்த பிறகும் பிள்ளைகள் வரிசையில் நின்றால், கால் கிலோ கீழக்கரைத் தொதல் (தேங்காய்ப்பாலில் கிண்டும் அல்வா போன்ற இனிப்பு) பொட்டலம் கைவசம் இருக்கட்டும். வெயிலில் உருகாது, பல நாள் கெடாது.