பிற நிறுவனக் கருவியைப் பிஎல்சி வலையமைப்பில் சேர்த்தல்

வேறொரு நிறுவனம் தயாரித்த டிரைவையோ (மோட்டாரை இயக்கும் கருவி) சென்சாரையோ உங்கள் பிஎல்சியுடன் (இயந்திரங்களை இயக்கும், நிரல் எழுதக்கூடிய கட்டுப்படுத்தி) இணைக்கும் முன், இரண்டும் ஈதர்நெட்/ஐபி, புரொஃபிநெட், மோட்பஸ் டிசிபி போன்ற தகவல்தொடர்பு நெறிமுறைகளில் ஒரே நெறிமுறையில் இயங்குகின்றனவா என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். ஈதர்நெட் கேபிள் பொருந்திவிடுவதாலேயே தொடர்பு ஏற்பட்டுவிடாது.

அடுத்து, கருவியின் விவரக் கோப்பைத் தயாரிப்பாளரிடமிருந்து பெற்று, நிரலாக்க மென்பொருளில் பதிவுசெய்ய வேண்டும். ஈதர்நெட்/ஐபி என்றால் அது இடிஎஸ் கோப்பு. புரொஃபிநெட் என்றால் ஜிஎஸ்டிஎம்எல். கோப்பின் பதிப்பு கருவிக்குள் பதிந்துள்ள மென்பொருளான ஃபர்ம்வேருக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பது சலிப்பூட்டும் வேலைதான். ஆயினும் பின்னர் வரும் குழப்பங்களில் பல இங்கிருந்தே தொடங்குகின்றன. மோட்பஸ் டிசிபியில் இத்தகைய பொதுக் கோப்பு இல்லை. எந்தத் தரவு எந்த எண்ணில் உள்ளது என்று காட்டும், கையேட்டிலுள்ள ரெஜிஸ்டர் அட்டவணையே வழிகாட்டி, போர்ட் எண் வழக்கமாக 502.

ஐபி முகவரி வேறெந்தக் கருவிக்கும் தரப்படாததாக இருக்கட்டும். புரொஃபிநெட்டில் அது மட்டும் போதாது: கட்டுப்படுத்தி ஒவ்வொரு கருவியையும் அதன் பெயரைக் கொண்டே அடையாளம் காண்பதால், திட்டத்தில் எழுதிய பெயரும் கருவிக்கு ஒதுக்கிய பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஈதர்நெட்/ஐபியில் இடிஎஸ் இல்லாமல் பொது மாட்யூலாகச் சேர்ப்பவர்கள், உள்ளீடு, வெளியீடு ஆகியவற்றின் அசெம்பிளி (தரவுத் தொகுப்பு) எண்களையும் அளவுகளையும் கையேட்டில் உள்ளவாறே தர வேண்டும். அளவு பிசகினால் கருவி பொதுவாக இணைப்பையே மறுத்துவிடும்.

இணைப்பு கிடைத்ததும் இயந்திரத்தை ஓட்டிவிடாதீர்கள். தெரிந்த ஒரு மதிப்பை அனுப்பி பைட் வரிசையை (ஒரு மதிப்பின் பைட்டுகள் எந்த ஒழுங்கில் வருகின்றன என்பதை) சரிபார்த்தபின், இயந்திரத்தைப் பாதுகாப்பான நிலையில் வைத்துக் கேபிளைக் கழற்றி, தொடர்பு அறும்போது வெளியீடுகள் நிற்கின்றனவா, பழைய மதிப்பிலேயே தொடர்கின்றனவா என்று நேரில் பாருங்கள்.