பழைய மரத்தோணியைக் கையால் திருத்துவது எப்படி?

தோணி வேலையில் முதல் தடவை கை வைக்கிறீர்கள் என்றால் புதிதாகக் கட்டத் தொடங்காதீர்கள். 10, 12 அடி நீளமுள்ள பழைய துடுப்புத் தோணி ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். ஃபைபர் படகுகள் வந்த பிறகு கவிழ்த்துப் போட்டவற்றைக் கொழும்பில் முகத்துவாரம், மட்டக்குளி, பொல்கொட வாவிக் கரை, நீர்கொழும்பு பக்கம் விசாரித்துப் பாருங்கள். பலகைகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து ஆணி அடித்த வகைதான் தொடக்கக்காரருக்குச் சரி. தும்புக் கயிற்றால் தைத்தது கிடைத்தால் தொடாதீர்கள், அது தனி வித்தை.

நிழலில் வையுங்கள்

கொழும்பில் இந்த வேலைக்கு ஜனவரியில் இறங்குவது நல்லது. மே மாதம் தென்மேல் பருவப்பெயர்ச்சி பிடிக்கும் முன் பெயின்ட் முடிந்துவிட வேண்டும். தோணியைக் கட்டைகளின் மேல் கவிழ்த்து, காற்றோட்டமான கொட்டிலுக்குள் வையுங்கள். நேர் வெயிலில் போட்டால் பலகை வெடிக்கும். அணியத்திலிருந்து, அதாவது முன் முனையிலிருந்து, பின்பக்கம் வரை நடுவே ஒரு நூலைக் கட்டி, இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். அளவு கொஞ்சம் வித்தியாசப்பட்டால் பரவாயில்லை. தோணியே முறுக்கிக்கொண்டிருந்தால் வேறு தோணி பாருங்கள்.

உக்கலைத் தேடுங்கள்

அவசரப்படாமல் செய்ய வேண்டிய வேலை இதுதான். கூரான ஸ்க்ரூ டிரைவரால் ஒவ்வொரு பலகையையும் குத்திப் பாருங்கள். நல்ல மரம் எதிர்த்து நிற்கும், உக்கிய மரத்தில் முனை மெத்தென்று இறங்கும். உப்புத் தண்ணீரை விட மழைத் தண்ணீர்தான் மரத்துக்கு எமன். ஆகவே மழைநீர் தேங்கும் இடங்களை முதலில் பாருங்கள்: ஏராவை (அடியில் நீளமாக ஓடும் முதுகுக் கட்டை) ஒட்டிய பலகை, வங்குகளின் (உள்ளே குறுக்கே நிற்கும் விலா எலும்பு போன்ற கட்டைகள்) அடி, விளிம்புக் கட்டையின் உட்பக்கம். இரும்பு ஆணியைச் சுற்றி மரம் கறுத்திருந்தால் துருவும் சேர்ந்து அரித்திருக்கிறது. சின்னச் சின்னத் துளைகளும் உள்ளே நீண்ட குடைவுகளும் தெரிந்தால் அது கப்பல் புழு. ஆற்றுமுகத்தில் கிடந்த தோணிகளில் இதைக் கட்டாயம் பாருங்கள்.

பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். உலர்வாகத் தேய்க்காமல், நனைத்துச் சுரண்டுங்கள். மாஸ்க் போட மறக்க வேண்டாம்.

"மேலே ஃபைபர் அடித்துவிட்டால் எல்லாம் சரி" என்று பலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். ஈரத்துக்குப் பலகை பருத்துச் சுருங்கும், ஃபைபர் அப்படியே நிற்கும். கடைசியில் ஃபைபர் விட்டுப்போய், இடையில் புகுந்த தண்ணீர் மரத்தை உள்ளுக்குள்ளேயே உக்க வைக்கும்.

பலகை மாற்றுதல்

உக்கிய பகுதியை நல்ல மரம் வரும்வரை வெட்டி எடுங்கள். பழைய பலகை எந்த மரமோ அதே மரம் கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் நன்றாக உலர்ந்த பலா, தேக்கு, வேம்பு. வேம்பை லேசாக நினைக்க வேண்டாம். 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை போன வல்வெட்டித்துறை அன்னபூரணி வேப்பமரத்தில் கட்டியதுதான். மொரட்டுவை மர ஆலைகளில் வாங்கும்போது பாஸ் (தச்சர்) ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

புதுப் பலகையும் பழைய பலகையும் சேரும் மூட்டைச் சரிவாக வெட்டி ஒட்ட வேண்டும். பலகையின் தடிப்பைப் போல 8 மடங்கு சரிவு வேண்டும், அதாவது முக்கால் அங்குலப் பலகைக்கு 6 அங்குலம். ஆணி அடிக்கும் முன் துளை போடுங்கள், இல்லாவிட்டால் பிளக்கும். செப்பு ஆணியை வெளியிலிருந்து அடித்து, உள்ளே செப்பு வட்டைக் கோர்த்து, மிச்ச நுனியை வெட்டித் தட்டிப் பரத்த வேண்டும். அந்நேரம் வெளியே ஒருவர் கனமான இரும்பை ஆணித் தலையில் அழுத்திப் பிடிக்க வேண்டும். செப்பு ஆணிக்கும் வட்டுக்கும் கொழும்பு பழைய சோனகத் தெரு ஹாட்வெயார் கடைகளில் விசாரியுங்கள். செம்பையும் இரும்பையும் மட்டும் கலக்காதீர்கள், உப்புத் தண்ணீரில் இரும்பு சீக்கிரம் கரைந்துவிடும்.

கலப்பத்து

தண்ணீர் புகாதபடி பலகை இடைவெளிகளை அடைப்பதுதான் கலப்பத்து. பலகைகளுக்கு இடையிலுள்ள பழைய பஞ்சையும் புட்டியையும் கிளறி எடுங்கள். பருத்தித் திரியை இடைவெளியில் வைத்து, மழுங்கிய உளியால் மெதுவாகத் தட்டி இறக்குங்கள். மரம் காய்ந்திருக்கும்போது இறுக்கி அடைத்தால், தண்ணீரில் பலகை குறுக்காகப் பருக்கும்போது ஆணியைப் பிடுங்கும், வங்கு முறியும். திரி உறுதியாக நின்றால் போதும். மேலே 3 மில்லிமீட்டர் அளவு விட்டு, மென்மையான புட்டி வையுங்கள். அந்தக் காலத்தில் குங்கிலியத்தை எண்ணெயில் உருக்கி வைப்பார்கள். கல்லாக இறுகும் எபோக்சி இந்த இடத்துக்கு வேண்டாம்.

அப்புறம் பிரைமர், அண்டர்கோட், இரண்டு கோட் எனமல். உள்ளேயும் அடியுங்கள்.

தண்ணீரில் இறக்குதல்

இறக்குவதற்கு முதல் நாளே உள்ளே ஈரச் சாக்குகளைப் பரப்பி வையுங்கள். முதலில் இடுப்பளவு தண்ணீரில், கரையில் கட்டி விடுங்கள். தண்ணீர் உள்ளே வரத்தான் செய்யும். வாளியால் இறைத்துக்கொண்டே இருங்கள், பலகை ஊற ஊறக் குறையும். இரண்டு மூன்று நாளாகியும் ஓர் இடத்தில் ஊறுகிறது என்றால் உள்ளே இருந்து அந்த இடத்தைக் குறித்து, கரையேற்றி, அந்த மூட்டுக்கு மட்டும் திரும்பக் கலப்பத்து அடியுங்கள்.