மான் ஃபீடரில் ரக்கூன் தொல்லை: எனக்குப் பலித்த வழி

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஹில் கன்ட்ரி எனும் குன்றுப் பகுதியில், எங்கள் நிலத்தில் வெள்ளைவால் மான்களுக்காக ஒற்றை இரும்புக் கம்பத்தின் மேல் ஃபீடர், அதாவது தானாகத் தீனி வீசும் கருவி, நிற்கிறது. பீப்பாய் நிறைய மக்காச்சோளம், அடியில் மோட்டாரால் சுழலும் தட்டு. விடியலிலும் அந்தியிலும் டைமர் அதைச் சில விநாடி சுழற்றிச் சோளத்தை வீசும். ஆனால் இரவில் ரக்கூன்கள் (மரமேறும், பூனையைவிடச் சற்றுப் பெரிய காட்டு விலங்குகள்) கம்பத்தில் ஏறி, தட்டைக் கையாலேயே சுற்றிக் கொட்டிவிடும். விடிந்தால் மான்களுக்கு ஒன்றும் மிஞ்சாது.

தட்டைச் சுற்றிக் கம்பிக்கூண்டு மாட்டிப் பார்த்தேன். பலன் பாதிதான். ரக்கூனின் முன்னங்கால் விரல்கள் நம் கைவிரல் மாதிரி வேலை செய்பவை. இடைவெளியில் நுழைத்துத் துழாவின. ஏறவே விடக்கூடாது, அதுதான் வழி.

அடுப்புக்குப் பொருத்தும் தகரப் புகைக்குழாய் ஒன்று வாங்கினேன்: 8 அங்குல விட்டம், 24 அங்குல நீளம். மேல்வாயைக் கம்பிவலையால் மூடி, நடுவில் கம்பம் நுழைய மட்டும் ஓட்டை விட்டு, கம்பத்தில் தொங்கவிட்டேன். குழாயின் மேல்முனை தரையிலிருந்து 5 அடி உயரத்தில் இருக்கிறது. வெளிப்புறம் வழுக்கும், அகலத்தால் கட்டிப்பிடிக்கவும் முடியாது. உள்ளே புகுந்தாலோ வலை மறிக்கும். வலையை மட்டும் விட்டுவிடாதீர்கள், உள்வழியாகவே ஏறிவிடும்.

அப்புறம், பக்கத்து ஓக் மரத்தின் கிளைகளையும் வெட்டினேன். அங்கிருந்து தாவினால் குழாய் இருந்தும் பயனில்லை. பீப்பாய் மூடிக்கும் பூட்டுக்கொக்கி போட்டாயிற்று.

இப்போது காலையில் மான்கள் நிம்மதியாக மேய்கின்றன. கீழே சிதறுவதை ரக்கூன்களும் பொறுக்குகின்றன; அதில் எனக்கு வருத்தமில்லை.