மீடியனில் போட்ட போர் பக்கவாட்டு மண்ணைப் பற்றிச் சொல்லாது

போன மாதம் ஒரு தம்பி, வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்தான் இருக்கும், சாலை அகலப்படுத்தும் வேலைக்கான போர்லாக் (மண் சோதனைக்குத் துளை, அதாவது போர், போட்டு எந்த ஆழத்தில் என்ன மண் என்று எழுதிய பதிவு) கட்டைக் கொண்டுவந்து காட்டினார். பன்னிரண்டு போர், அத்தனையும் சென்டர் மீடியனில், அதாவது சாலை நடுத்திட்டில். நானும் ஒரு காலத்தில் இதையேதான் செய்தேன் என்பதால் திட்ட வாய் வரவில்லை. சரியாக ரோலர் ஓட்டுவது, ஈரப்பதம் பார்ப்பது எல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

போர் போடும் இடம்

மீடியனில் போடுவது சுலபம். கடைக்காரர் சண்டைக்கு வரமாட்டார், கேபிள் அறுபடாது. ஆனால் அங்கே இருக்கும் களிமண் முப்பது வருடமாகச் சாலையைச் சுமந்து, நீரெல்லாம் பிழியப்பட்டு இறுகிப்போனது. புது லேன் வரப்போவது பக்கத்தில், இதுவரை எந்தச் சுமையும் பார்க்காத மண்ணின் மேல்.

என் கதை தென்சென்னையில், சதுப்புநிலத்தை ஒட்டிய ஒரு சாலை. மீடியனில் எஸ்பிடி எண் (சுத்தியலால் அடித்துக் குழாயை 30 சென்டிமீட்டர் இறக்க ஆகும் அடிகள்) 8, 9 வந்தது, அதையே நம்பி இரண்டு பக்கமும் இரண்டரை மீட்டர் உயரக் கரை, அதாவது சாலையைத் தாங்கும் மண்மேடு, கட்டச் சொன்னேன். இரண்டாவது மழைக்காலத்தில் பழைய சாலையும் புதுசும் சேரும் இடத்தில் கோடு கிழித்த மாதிரி விரிசல், விரல் உள்ளே போகும். தோண்டிப் பார்த்தால் புது லேனுக்கு அடியில் பழைய சாலையோரப் பள்ளம், கறுப்புச் சேறு, இளநீர் மட்டை, பிளாஸ்டிக் பை. அதற்கும் கீழே இருந்த களிமண்ணில் வேன் சோதனை (மண்ணில் தகடு செருகித் திருகி வெட்டு வலிமையை அளப்பது) 12 கிலோபாஸ்கல் காட்டியது. அப்படிப்பட்ட மண் உச்சமாகத் தாங்குவதே 60 சொச்சம், நான் ஏற்றிய கரை மட்டும் சுமார் 50! உடையாமல் நின்றதே பெரிசு.

தாங்கினாலும் அமிழும். 6 மீட்டர் களிமண், மேலும் கீழும் நீர் வடியும், சிவி (களிமண் நீர் வடிந்து இறுகும் வேகத்தைக் காட்டும் எண்) ஆண்டுக்கு 1 சதுர மீட்டர் என்று வைத்தால் 90 சதவீதம் இறுக ஏழரை ஆண்டு. ஒரு மீட்டர் இடைவெளியில் பிவிடி பட்டை (நீர் வடியச் செங்குத்தாக இறக்கும் பிளாஸ்டிக் பட்டை) இறக்கி மேலே கூடுதல் மண் ஏற்றி வைத்தால் அதே வேலை எட்டு மாதத்தில் முடியும். அந்த எட்டு மாதத்தை யாரும் தரமாட்டார்கள், அதனால் வருடா வருடம் விரிசலில் தார் ஊற்றினோம்.

இன்னொன்று, ஜியோகிரிட் (மண்ணுக்குள் விரிக்கும் பிளாஸ்டிக் வலை) விரித்தால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள். அது விரிசலைக் கொஞ்சம் பரத்தும், களிமண் அமிழ்வதை நிறுத்தாது.

படி வெட்டுவது

பழைய கரைச் சரிவில் புல்லோடு மண் கொட்டக் கூடாது. மத்திய அரசின் சாலை விவரக்குறிப்பு குறைந்தது 300 மில்லிமீட்டர் அகலப் படி வெட்டச் சொல்கிறது. குறைந்தது என்றால் குறைந்ததுதான், ரோலர் ஏற வேண்டுமே.

நிலத்தடி நீர்

மே மாதம் அளந்த மட்டத்தை வைத்து நவம்பருக்கு டிசைன் செய்யாதீர்கள்.

மெஷினுக்கு முன் கடப்பாரை

கரை அடிவாரத்தில் போர் போடும்போது முதல் ஒன்றரை மீட்டரைக் கையால் தோண்டுங்கள். அந்தத் தம்பி நாலு போரை அடிவாரத்துக்கு மாற்றினார். முதல் குழியிலேயே, எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு குடிநீர்க் குழாய். "இப்ப என்ன சார் செய்றது?" என்று போன் வந்தது. இரண்டு மீட்டர் தள்ளித் தோண்டச் சொன்னேன்.