புகை திரும்பி வந்தால் அடுப்பைக் குறை சொல்லாதீர்கள்

2022 இல் காஸ் தட்டுப்பாடு வந்தபோது திருகோணமலையில் பல குசினிகளில் மறுபடி விறகு எரிந்தது. கூடவே புகையும் வீட்டை நிறைத்தது. அடுப்பு சரியில்லை என்று அதை இடித்துக் கட்டுவதில் பயனில்லை. பிழை பெரும்பாலும் புகைக்கூட்டில்தான் இருக்கும்.

சூடான புகை வெளிக்காற்றைவிட இலேசானது. அது மேலே ஏற, அடுப்பு வாயால் புதுக்காற்று உள்ளே வருகிறது. நெருப்பை எரியவைப்பது இந்த இழுப்புத்தான். கூட்டின் உயரமும், உள்ளே வெளியே உள்ள சூட்டு வித்தியாசமும் கூடக் கூட இழுப்பும் கூடும். 200 பாகைப் புகைக்கு, வெளியே 0 பாகையாக இருக்கும் குளிர்நாட்டில் கிடைக்கும் இழுப்பில் ஏறக்குறைய முக்கால்வாசிதான் நமது 30 பாகை வெயிலில் கிடைக்கும். அதனால் இங்கே உயரத்தில் கஞ்சத்தனம் கூடவே கூடாது.

நான் அடிக்கடி காணும் பிழையும் அதுதான்: கூடு முகட்டுக்குக் கீழேயே முடிந்துவிடும். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று முகட்டைத் தாண்டி கிழக்குச் சரிவில் இறங்கும்போது புகையைத் திருப்பிக் குசினிக்குள் தள்ளும். கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி, சுற்றி 10 அடிக்குள் இருக்கும் எதைவிடவும் 2 அடி உயரமாகக் கூடு நிற்கவேண்டும். தகரக் குழாயென்றால் உப்புக்காற்றில் துருப்பிடித்த ஓட்டைகளையும் பாருங்கள். அவற்றால் நுழையும் காற்று புகையை ஆறவைத்து இழுப்பைக் கெடுக்கும். குழாயில் வளைவுகள் குறைவாக இருப்பதும் நல்லது.

மாரியில் நனைந்த விறகு இன்னொரு தொல்லை. நெருப்பின் சூடு தண்ணீரை ஆவியாக்கவே போய்விட, புகை குளிர்ந்து, கூட்டின் உட்சுவரில் கரி படிந்து வழி ஒடுங்கும். வாடைக்காற்று தொடங்குமுன் விறகைக் கூரைக்குக் கீழே அடுக்கிவிடுங்கள்.

இழுப்பு அளவுக்கு மிஞ்சினாலும் நட்டம்தான். சுவாலை பானையைத் தொடாமல் கூட்டுக்குள் ஓடும், விறகு கரையும், சோறு வேகாது. கூட்டின் கழுத்தில் நகர்த்தக்கூடிய இரும்புத் தகடு வைத்து அளவாகக் குறைக்கலாம். ஆனால் தணல் கிடக்கும்போது அதை முழுதாக மூடாதீர்கள். புகையே தெரியாமல் காபன் மொனொக்சைட்டு வீட்டுக்குள் சேரும். அதற்கு மணமும் இல்லை, உயிரையே எடுக்கும்.

காற்றுக்குப் பயந்து கதவு யன்னலெல்லாம் சாத்தினால் கூடு எதை இழுக்கும்? ஒன்றையாவது திறந்து வையுங்கள். குளிர்ந்து கிடக்கும் கூட்டுக்குள் முதலில் ஒரு பிடி காய்ந்த தென்னோலையைக் கொளுத்துங்கள். பிறகு அடுப்பு வாயில் ஊதுபத்தியைப் பிடித்துப் பாருங்கள். புகை உள்ளே சாய்ந்தால் விறகை வைக்கலாம்.