4கே மானிட்டரில் எழுத்து பொடியாகத் தெரிகிறதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

விண்டோஸில் மெனு, ஃபைல் பெயர் போன்றவற்றின் எழுத்து 9 பாயின்ட். ஸ்கேல் (திரையில் எல்லாவற்றையும் எந்த அளவில் காட்டுவது என்ற அமைப்பு) 100 சதவீதத்தில் இருந்தால் அது 12 பிக்சல் (திரையின் மிகச் சிறு புள்ளி) உயரம். 24 அங்குல ஃபுல் எச்டி மானிட்டரில் ஓர் அங்குலத்துக்கு 92 பிக்சல். அங்கே அந்த 12 பிக்சல் சுமார் 3.3 மில்லிமீட்டர். 27 அங்குல 4கே மானிட்டரில் ஓர் அங்குலத்துக்கு 163 பிக்சல். அதே எழுத்து 1.9 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது.

தமிழ் எழுத்துக்கு இந்தச் சுருக்கம் இன்னும் கொடுமை. 12 பிக்சலில் மெய்யெழுத்தின் புள்ளிக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு பிக்சல்தான். 163 அடர்த்தியில் இரண்டு பிக்சல் என்பது 0.3 மில்லிமீட்டர். கை நீட்டும் தூரத்திலிருந்து பார்த்தால் ‘கல்’லுக்கும் ‘கல’வுக்கும் வித்தியாசம் தெரிவது கடினம். ‘ன’வில் எத்தனை சுழி, ‘ண’வில் எத்தனை சுழி என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியிருக்கும்.

இதைச் சரிசெய்யப் பலரும் முதலில் கை வைப்பது கை வைக்கவே கூடாத இடத்தில்.

ரெசல்யூஷனைக் குறைப்பது

‘செட்டிங்ஸ்’ – ‘சிஸ்டம்’ – ‘டிஸ்ப்ளே’ பக்கத்தில் ‘ஸ்கேல்’, ‘டிஸ்ப்ளே ரெசல்யூஷன்’ இரண்டும் அடுத்தடுத்து இருக்கும். ரெசல்யூஷனை, அதாவது திரையின் பிக்சல் எண்ணிக்கையை, 4கேயின் 3840×2160 என்பதிலிருந்து ஃபுல் எச்டியின் 1920×1080க்கு இறக்கினால் எழுத்து உடனே பெரிதாகிவிடும். வேலை முடிந்தது என்று தோன்றும். உண்மையில் நடப்பது வேறு. எழுத்து அதே 12 பிக்சலில் வரையப்பட்டு, பிறகு ஊதிப் பெரிதாக்கப்படுகிறது. ரெசல்யூஷனைத் தொடாமல் ஸ்கேலை 200 சதவீதம் வைத்தால், அதே அளவில் தெரியும் எழுத்து 24 பிக்சலில் வரையப்படும். உயரத்தில் இரண்டு மடங்கு, அகலத்தில் இரண்டு மடங்கு, மொத்தம் நான்கு மடங்குப் புள்ளிகள். சுழியும் கொம்பும் வளைவாகவே தெரிவது அதனால்தான். 4கேக்குக் கொடுத்த காசு எழுத்தில் தெரிய வேண்டிய இடம் இதுதான்.

2560×1440க்கு இறக்குவது அதைவிட மோசம். ஒரு பிக்சல் அகலக் கோடு ஒன்றரை பிக்சலில் உட்கார வேண்டும். அரை பிக்சல் என்று ஒன்று திரையில் கிடையாது. அந்தக் கோடு பக்கத்துப் பிக்சலோடு கலந்து சாம்பல் நிறமாகப் படரும்.

‘ரெகமெண்டட்’ என்று குறித்திருக்கும் ரெசல்யூஷனிலேயே விடுங்கள். ஒரு சந்தேகம் இருந்தால் ‘அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே’ பக்கத்தைத் திறந்து ‘டெஸ்க்டாப் மோட்’, ‘ஆக்டிவ் சிக்னல் மோட்’ இரண்டிலும் ஒரே எண்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். வேறுவேறாக இருந்தால் கணினிக்கும் திரைக்கும் நடுவே படம் பெரிதாக்கப்படுகிறது என்று அர்த்தம்.

ஸ்கேலைக் குத்துமதிப்பாக வைப்பது

விண்டோஸ் பெரும்பாலும் ஒரு ஸ்கேலைத் தானே பரிந்துரைக்கும். ‘திரையில் நிறைய இடம் வேண்டும்’ என்று அதை 100க்கு இறக்கிவிட்டுக் கண்வலியோடு உட்காருபவர்கள் ஏராளம். ஒரு சின்னக் கணக்கு போதும். திரையின் அங்குலத்துக்கான பிக்சலை (அடர்த்தியை) 96ஆல் (100 சதவீத ஸ்கேலுக்கு விண்டோஸ் கொள்ளும் அடர்த்தி) வகுத்து 100ஆல் பெருக்குங்கள். 27 அங்குல 4கேக்கு 163 ÷ 96, அதாவது 170 சதவீதம். பக்கத்தில் இருக்கும் படிகள் 150, 175. 32 அங்குல 4கேயில் அடர்த்தி 138. 150 சதவீதம் பொருந்தும். 27 அங்குலத்தில் 2560×1440 என்றால் அடர்த்தி 109தான். விண்டோஸ் வழக்கமாக 100 சதவீதத்திலேயே விட்டுவிடும், ஆனால் நாற்பதைத் தாண்டிய கண்ணுக்கு 125 வைப்பதே நல்லது.

27 அங்குல 4கேயில் 175 வைத்தால் மெனு எழுத்து 21 பிக்சல், 3.3 மில்லிமீட்டர். பழைய 24 அங்குலத் திரையில் பழகிய அதே அளவு. 150 வைத்தால் 2.8 மில்லிமீட்டர், எழுத்து சற்றுச் சிறிது, ஆனால் வேலை செய்ய 2560×1440க்கு இணையான இடம் கிடைக்கும். நாள் முழுக்கத் தட்டச்சு செய்பவருக்கு 175ஐயே சொல்வோம். எக்செல்லில் நிறைய நெடுவரிசைகளை விரித்து வைப்பவர் 150இல் தொடங்கட்டும்.

‘கஸ்டம் ஸ்கேலிங்’ கட்டத்தில் 137, 163 என்று எண்ணைத் தட்டுவதைத் தவிருங்கள். அந்த எண் இணைத்திருக்கும் எல்லா மானிட்டருக்கும் சேர்த்தே போகும். லேப்டாப் திரையில் ஒரு கோலம், வெளி மானிட்டரில் ஒரு கோலம் ஆகிவிடும். பட்டியலில் உள்ள படிகளை ஒவ்வொரு மானிட்டருக்கும் தனித்தனியாக வைக்க முடியும். ‘டிஸ்ப்ளே’ பக்கத்தின் மேலே தெரியும் படத்தில் 1, 2 என்ற கட்டத்தைச் சொடுக்கி, அதன் பிறகு ஸ்கேலை மாற்ற வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே திருகில் சரிசெய்யப் பார்ப்பது

சின்னதாக இருப்பது எது என்று முதலில் பாருங்கள். பட்டன், ஐகான், எழுத்து எல்லாமே சிறிது என்றால் ஸ்கேல். ஐகான் அளவு போதும், எழுத்து மட்டும் போதவில்லை என்றால் ‘அக்சசிபிலிட்டி’ – ‘டெக்ஸ்ட் சைஸ்’. அந்த நகர்த்தி 100 முதல் 225 வரை போகும். ஸ்கேலை 100இலேயே விட்டுவிட்டு இதை மட்டும் 180க்கு ஏற்றினால் பட்டனுக்குள் எழுத்து அடங்காமல் பாதி வெட்டுப்படும். ஸ்கேலைச் சரியாக வைத்த பிறகு 110, 115 என்று உப்புப் போடுவது போல் கொஞ்சமாகச் சேர்ப்பதற்குத்தான் இது.

இணையதளம் மட்டும் பொடியாக இருந்தால் கன்ட்ரோல் விசையோடு கூட்டல் குறியை அழுத்துங்கள். குரோம் அந்தத் தளத்துக்கான அளவை நினைவில் வைத்துக்கொள்ளும். எல்லாத் தளத்துக்கும் வேண்டும் என்றால் குரோம் செட்டிங்ஸில் ‘அப்பியரன்ஸ்’ பகுதியில் ‘பேஜ் ஜூம்’ இருக்கிறது. அங்கேயே ‘கஸ்டமைஸ் ஃபான்ட்ஸ்’ உள்ளே போனால் ‘மினிமம் ஃபான்ட் சைஸ்’ கிடைக்கும். அடிக்குறிப்பு அளவில் தமிழை அச்சடிக்கும் செய்தித் தளங்களுக்கு இது கைகொடுக்கும்.

வேர்டில் நடக்கும் தவறு வேறு வகை. திரையில் தெரியவில்லை என்று கடிதத்தின் எழுத்தையே 12இலிருந்து 18 பாயின்ட்டுக்கு மாற்றிவிடுகிறார்கள். ஒரு பக்கத்தில் அடங்க வேண்டிய விண்ணப்பம் அச்சில் இரண்டு பக்கமாக வந்து நிற்கும். வலது கீழ் மூலையில் உள்ள ஜூம் நகர்த்தியை 140, 150க்குத் தள்ளினால் போதும். அச்சில் எதுவும் மாறாது.

மங்கலான பழைய மென்பொருளைத் தவறாகத் திருத்துவது

ஸ்கேலை ஏற்றியதும் சில பழைய கணக்கு, பில்லிங் மென்பொருள்கள் மட்டும் புகை படிந்த கண்ணாடி வழியே பார்ப்பது போல மங்கும். அவை ஸ்கேலை அறியாதவை. 100 சதவீதத்தில் வரைந்து கொடுக்கின்றன, விண்டோஸ் அதைப் படம் போல இழுத்துப் பெரிதாக்குகிறது. முதலில் ஒருமுறை சைன் அவுட் செய்து திரும்ப நுழையுங்கள். சில மென்பொருள்களில் குறை அதிலேயே தீர்ந்துவிடும்.

தீரவில்லை என்றால் அந்த மென்பொருளின் ஐகானில் ரைட் கிளிக், ‘ப்ராப்பர்ட்டீஸ்’, ‘கம்பாட்டிபிலிட்டி’, ‘சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்’. கீழே உள்ள ‘ஓவர்ரைடு’ கட்டத்தில் டிக் போட்டால் மூன்று தேர்வுகள் வரும். பலரும் முதலில் நிற்கும் ‘அப்ளிகேஷன்’ என்பதையே விட்டுவிடுவார்கள். அப்போது விண்டோஸ் ஒதுங்கிக்கொள்ளும். எழுத்து பளிச்சென்று இருக்கும், ஆனால் பழையபடி எறும்பு அளவுக்குப் போய்விடும். ‘சிஸ்டம் (என்ஹான்ஸ்டு)’ என்பதை முதலில் முயன்று பாருங்கள். அளவும் குறையாமல் எழுத்தும் தெளிவாக வர வாய்ப்பு அதில்தான் அதிகம். மென்பொருளை மூடித் திறந்தால்தான் மாற்றம் தெரியும்.

கேபிளைக் கவனிக்காமல் விடுவது

அளவு சரி, ரெசல்யூஷன் சரி, ஆனாலும் நிற எழுத்துகள் மட்டும் கசிந்தது போல் இருக்கிறதா? நோட்பேடை விட்டுவிட்டுப் பெயின்டைத் திறவுங்கள். கறுப்புப் பின்னணியில் ஒரு வரியை வெள்ளையிலும், அதே வரியைச் சிவப்பிலும் எழுதுங்கள். வெள்ளை கூர்மையாக இருந்து சிவப்பு மட்டும் விளிம்பில் கரைந்தால், கணினி நிறத் தகவலைக் குறைத்து அனுப்புகிறது என்று அர்த்தம். ‘அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே’யில் ‘கலர் ஃபார்மேட்’ ஆர்ஜிபி என்று இருக்க வேண்டும். 420, 422 என்ற எண்கள் இருந்தால் பிடிபட்டுவிட்டது.

எச்டிஎம்ஐ 1.4 வழியாக முழு நிறத்தோடு 4கே அனுப்பினால் நொடிக்கு 30 முறைதான் திரை புதுப்பிக்கப்படும். 60 வேண்டும் என்றால் எச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்ப்ளேபோர்ட் 1.2 தேவை, இரு முனையிலும். கேபிள் புதிது, நடுவில் இருக்கும் டாக் (லேப்டாப்பை மானிட்டரோடு இணைக்கும் பெட்டி) பழையது என்றால் பயனில்லை. டிவியை மானிட்டராக வைத்திருப்பவர்கள் அந்த எச்டிஎம்ஐ உள்ளீட்டுக்கு ‘பிசி’ என்று பெயர் மாற்றிப் பாருங்கள். பல டிவிகளில் முழு நிறம் அதன் பிறகே கிடைக்கும். ‘ஷார்ப்னஸ்’ அளவையும் இறக்குங்கள். கூடிப்போனால் ஒவ்வொரு எழுத்தைச் சுற்றியும் வெள்ளை வளையம் விழும்.

இவை எல்லாம் முடிந்த பிறகே ‘கிளியர்டைப்’, அதாவது எழுத்தின் விளிம்பைச் சீராக்கும் விண்டோஸ் வசதி. ஸ்டார்ட் மெனுவில் அந்தப் பெயரைத் தேடினால் வழிகாட்டித் திரை வரும். காட்டும் மாதிரிகளில் உங்கள் கண்ணுக்குத் தெளிவானதைச் சொடுக்கிக்கொண்டே போக வேண்டியதுதான். ரெசல்யூஷன் தவறாக இருக்கும்போது இதைச் செய்தால் மறுபடி செய்ய வேண்டிவரும்.

மேக்கில்

‘டிஸ்ப்ளேஸ்’ பக்கத்தில் ‘லார்ஜர் டெக்ஸ்ட்’ முதல் ‘மோர் ஸ்பேஸ்’ வரை படிகள். 27 அங்குல 4கேயில் 1920×1080 போலத் தெரியும் படி சரியாக இரட்டிப்பு. எழுத்து மிகக் கூர்மை. 2560×1440 போன்ற படியில் மேக் 5120×2880இல் வரைந்து அதைச் சுருக்கிக் காட்டுகிறது. சற்றே மென்மையாகத் தெரிந்தாலும் பெரும்பாலானோருக்குப் போதும்.

கண்ணாடியை மறப்பது

வெள்ளெழுத்துக்குப் போடும் கண்ணாடி பொதுவாகப் புத்தகம் பிடிக்கும் 40 சென்டிமீட்டர் தூரத்துக்கானது. மானிட்டர் இருப்பதோ 60, 70 சென்டிமீட்டரில். அந்தக் கண்ணாடியோடு திரையைப் பார்த்தால் எந்த ஸ்கேலிலும் எழுத்து முழுத் தெளிவாக வராது. கழுத்து தானாக முன்னால் போகும். வழக்கமாக உட்காரும் நிலையில் கண்ணிலிருந்து திரை வரை டேப் வைத்து அளந்து, அந்த எண்ணைக் கண் பரிசோதனையின்போது சொல்லுங்கள். அதே தூரத்துக்குத் தனிக் கண்ணாடி எழுதித் தருவார்கள்.